இரண்டு தேர்களுக்கு இடையே ஒரு மாதம்

தெற்கு இத்தாலியில் ஒரு மாதம் என்றதும் நண்பர்கள் பலரும் ஆகஸ்ட் மாதத்தைத்தான் சொன்னார்கள். கடற்கரை, திறந்தவெளி இசை விழாக்கள், நீண்ட மாலைகள் எல்லாம் அப்போதுதான் என்பது அவர்கள் வாதம். நான் கேட்கவில்லை. ஜூன் நடுவில் நேப்பிள்ஸில் இறங்குவது, ஜூலை நடுவில் சிசிலித் தீவின் பலேர்மோவில் விமானம் ஏறுவது என்று முடிவாகியிருக்கிறது. கூட அம்மாவும் வருகிறார். இந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் கணக்குகளை எழுதி வைத்தால், இதே பயணத்தை யோசித்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது உதவும்.

முதலில் ஆகஸ்ட் ஏன் கூடாது என்பது. ஆகஸ்ட் 15 இத்தாலியர்களுக்கு ஃபெர்ரகோஸ்தோ. அகஸ்டஸ் சீசர் காலத்து விடுமுறையும் மாதாவின் விண்ணேற்புத் திருநாளும் ஒன்று சேர்ந்த நாள். அதையொட்டி நாடே இடம்பெயர்கிறது. நகரத்தில் நல்ல உணவகங்களும் பேக்கரிகளும் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போய்விடுகின்றன. கடலோர ஊர்களிலோ நெடுஞ்சாலையிலிருந்து மணல்வரை நெரிசல், அறை வாடகை உச்சம். யாருடைய அன்றாட வாழ்க்கையைப் பார்க்க ஆசைப்பட்டுப் போகிறோமோ, அவர்களே ஊரில் இல்லாத நேரத்தில் போய் என்ன பயன்?

அடுத்தது வெயில். 2021 ஆகஸ்ட் 11 அன்று சிசிலியில் சிராகுசாவுக்குப் பக்கத்தில் உள்ள ஃப்ளோரிதியாவில் 48.8 டிகிரி செல்சியஸ் பதிவானது. ஐரோப்பாவில் பதிவான மிக உயர்ந்த வெப்பநிலை அதுதான் என்று உலக வானிலை அமைப்பு பிறகு உறுதி செய்தது. கடந்த சில கோடைகளாகத் தெற்கின் பிராந்திய அரசுகள் பல, கடும் வெப்ப நாட்களில் பகல் 12.30 முதல் 4 மணி வரை வயலிலும் கட்டட வேலையிலும் திறந்த வெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று ஆணை போடுகின்றன. தக்காளி வயலில் கூலிக்கு நிற்கும் தொழிலாளியையே நிழலுக்குப் போகச் சொல்லும் நேரத்தில், பணம் கொடுத்து வந்த பயணி இடிபாடுகளுக்கு நடுவே அலைவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

எனவே பயணத்தின் முதல் விதியை அந்த ஊர்க்காரர்களிடமிருந்தே எடுத்துக்கொண்டேன். பகல் ஒரு மணிக்குக் கடைகள் மூடும், நாலரை ஐந்துக்குத்தான் திறக்கும். அந்த இடைநேரத்துக்குத் தெற்கில் கொன்த்ரோரா என்று பெயர். எங்கள் அட்டவணையில் அந்த நேரம் காலி. காலை ஏழரைக்குக் கிளம்பி பன்னிரண்டுக்குள் பார்ப்பதைப் பார்த்துவிடுவது, சாப்பிட்டுப் படுப்பது, ஐந்தரைக்கு மேல் மறுபடி வெளியே போவது. ஜூனில் அங்கே சூரியன் மறைய எட்டரை ஆகிவிடும் என்பதால் மாலையே இன்னொரு பகல்போல நீள்கிறது. வேலூரில் வளர்ந்த அம்மாவுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "படி ஏறத்தான் சொல்லாதே, மற்றதெல்லாம் வருகிறேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வரி திட்டத்தில் பல இடங்களை மாற்றியிருக்கிறது.

ஜூன் நடு, ஜூலை நடு என்று தேதி அமைந்ததற்கு இரண்டு தேர்கள் காரணம்.

முதல் தேர் மத்தேராவில், ஜூலை 2. பசிலிக்காட்டா பிராந்தியத்தின் அந்த மலையூரில் மதோன்னா தெல்லா புரூனா என்ற மாதாவுக்கு 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து அந்த நாளில் விழா நடக்கிறது. விடியலில், இருட்டு பிரியும் முன்பே, மேய்ப்பர்களின் ஊர்வலம் மாதாவின் படத்தோடு தொடங்குகிறது. மாலையில் மாதா சிலையைத் தேரில் ஏற்றிக் கோவேறு கழுதைகள் இழுத்து வருகின்றன. முன்னும் பின்னும் குதிரை வீரர்கள். தேர் முழுக்கக் காகிதக்கூழால் ஆனது. உள்ளூர்க் கைவினைஞர்கள் ஊரின் பிச்சனெல்லோ பகுதியில் உள்ள கொட்டகையில் மாதக்கணக்கில் உட்கார்ந்து, விவிலியக் காட்சிகளை ஆளுயர உருவங்களாகச் செய்து, வண்ணம் தீட்டி எழுப்புகிறார்கள். பேராலயத்தின் முன் மூன்று சுற்று சுற்றியபின் சிலையை இறக்கி உள்ளே கொண்டுபோய் விடுகிறார்கள். வெறும் தேர் ஊரின் நடுச்சதுக்கத்துக்கு வருகிறது. அங்கே காத்திருக்கும் கூட்டம் பாய்ந்து அதைக் கிழித்தெடுக்கிறது. ஒரு தேவதையின் கை, ஒரு தூணின் தலை, கிடைத்த துண்டோடு இளைஞர்கள் வீட்டுக்கு ஓடுகிறார்கள். அது வீட்டுக்கு நல்லது என்று நம்பிக்கை. சில நிமிடங்களில் மிஞ்சுவது மரச்சட்டம் மட்டும். அடுத்த ஆண்டுக்கான தேர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இந்தக் காட்சியைப் பற்றி முதன்முதலாகப் படித்தபோதே இதைச் சுற்றித்தான் பயணம் அமையவேண்டும் என்று தோன்றிவிட்டது. பல மாத உழைப்பை ஒரே இரவில் கூட்டத்தின் கையில் கொடுத்துவிடும் ஊரை நேரில் பார்க்கவேண்டும்.

இரண்டாவது தேர் பலேர்மோவில், ஜூலை 14 இரவு. புனித ரொசாலியாவின் விழா. 1624இல் பலேர்மோவைக் கொள்ளைநோய் சூறையாடியபோது, ஊரை ஒட்டிய பெல்லெக்ரீனோ மலைக் குகையில் அவருடைய எலும்புகள் கிடைத்தன. அடுத்த ஆண்டு அவற்றை ஊர்வலமாக எடுத்துச் சென்றபின் நோய் அடங்கியது என்பது ஊரின் நம்பிக்கை. ரொசாலியா சிலையைத் தாங்கிய தேர் பேராலயப் பகுதியிலிருந்து பழைய நெடுந்தெரு வழியாகக் கடலை நோக்கி இறங்குகிறது. நான்கு தெருக்கள் கூடும் குவாத்ரோ கான்தியில் தேர் நிற்க, நகரத்தின் மேயர் அதன்மேல் ஏறி மலர் வைத்து, பலேர்மோவும் சாந்தா ரொசாலியாவும் வாழ்க என்று முழங்குவார். மதச்சார்பற்ற குடியரசின் மேயர் என்றாலும் அந்த இரவில் அதுதான் அவர் கடமை.

ஜூலை 2, ஜூலை 14. இந்த இரண்டு தேதிகளும் ஆணி அடித்தபின் மற்றதெல்லாம் தானாக வரிசையில் விழுந்துவிட்டது. மத்தேராவுக்கு முன்னால் நேப்பிள்ஸும் பூலியாவும். மத்தேராவுக்கும் பலேர்மோவுக்கும் நடுவில் இத்தாலிய நிலப்பரப்பின் தென்முனையான கலாப்ரியாவும் கிழக்குச் சிசிலியும். ஒரே ஊரில் இறங்கி அதே ஊரில் ஏறும் டிக்கெட் வாங்கினால், கடைசியில் பலேர்மோவிலிருந்து நேப்பிள்ஸுக்கு இரவுக் கப்பலில் திரும்பவேண்டியிருக்கும். அந்தக் கப்பல் நல்ல வழிதான். ஆனால் வளைகுடா நகரம் ஒன்றில் மாறி வரும் எங்களுக்கு, இறங்கும் ஊர் ஒன்று, ஏறும் ஊர் வேறு என்ற டிக்கெட்டே சௌகரியம்.

நேப்பிள்ஸுக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். இது போதாது என்பதுதான் என் கருத்து. பலர் அந்த ஊரை பாம்பெய்க்குப் போகும் வழியாக மட்டுமே பார்க்கிறார்கள். காலையில் வந்து மாலையில் ஓடிவிடுகிறார்கள். அது ஊருக்குச் செய்யும் அநியாயம்.

கி.பி. 79இல் வெசூவியஸ் புதைத்த ஊர்களில் அம்மாவோடு நிதானமாகப் பார்க்க நான் தேர்ந்தெடுத்திருப்பது ஹெர்குலேனியம். எரிமலையைச் சுற்றி ஓடும் சிர்க்கும்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலில் எர்க்கொலானோ நிறுத்தத்தில் இறங்கி நேராகக் கீழே நடந்தால் வந்துவிடும். ஊர் சிறியது, நிழல் உண்டு. கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த அலை அங்கே மரத்தை எரித்து அழிக்காமல் கரியாக்கிக் காத்துவிட்டது. அதனால் கதவு, உத்தரம், கட்டில், மாடிப்படி எல்லாம் இரண்டாயிரம் ஆண்டு கரியாக நிற்கின்றன. கரையோரப் படகுக் கொட்டில்களில் 1980களில் தோண்டியபோது, தப்பிக்கக் காத்திருந்த ஏறத்தாழ முந்நூறு பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பாம்பெய்யில் வீதிகள் பிரம்மாண்டம், நிழல் அரிது. 2024 நவம்பரிலிருந்து அங்கே நாளொன்றுக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, டிக்கெட்டில் பார்வையாளரின் பெயரும் இருக்கவேண்டும். முன்கூட்டியே வாங்கி, கதவு திறக்கும்போது நுழைந்து, பன்னிரண்டுக்கு வெளியே வந்துவிடுவேன். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களுக்கும் அகழாய்வு இடங்களுக்கும் கட்டணம் இல்லை. அந்த நாளில் பாம்பெய் பக்கம் தலைவைக்காமல் இருப்பது நல்லது.

நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகம் செவ்வாயன்று மூடியிருக்கும். அங்கே நான் பார்க்கப்போவது ஒரு சாண் அளவே உள்ள ஒரு பொருள். 1938இல் பாம்பெய்யின் ஒரு வீட்டில் கிடைத்த தந்தச் சிற்பம், இந்தியாவில் செதுக்கியது. நடுவில் நிற்கும் பெண்ணுக்குக் கழுத்திலும் கையிலும் இடையிலும் நகைகள், இரண்டு பக்கமும் சிறிய தோழியர். பாம்பெய் லட்சுமி என்ற பெயர் நிலைத்துவிட்டது; யட்சி என்றே ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். தலை உச்சியில் ஒரு துளை இருப்பதால், ஏதோ ஒரு மேசையின் காலாகவோ கண்ணாடியின் கைப்பிடியாகவோ இருந்திருக்கலாம். எரிமலை வெடிப்பதற்கு முன் அது அங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் உறுதி. வந்த வழி பெரும்பாலும் இதுவாக இருக்கலாம்: செங்கடல், எகிப்து, அலெக்சாண்டிரியா, அங்கிருந்து நேப்பிள்ஸுக்கு மேற்கே உள்ள இன்றைய பொட்சுவோலித் துறைமுகம். சேரநாட்டு மிளகு ரோமுக்குப் போன பாதையில் அதுவும் ஒரு கண்ணி. பொட்சுவோலியின் பழைய சந்தையில் மூன்று பளிங்குத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் நடுப்பகுதியில் வளையம் போலச் சிறு துளைகள். கடல் சிப்பிகள் குடைந்தவை. அந்த நிலம் எரிமலையின் மூச்சுக்கு ஏற்பக் கடலுக்குள் இறங்கி மறுபடி எழுந்திருக்கிறது, இப்போதும் ஏறிக்கொண்டிருக்கிறது. 2024, 2025இல் அங்கே நிலநடுக்கங்களும் வந்தன. மெட்ரோவில் ஒரு காலைப்பொழுதில் போய்வரும் தூரம்தான்.

தெற்கே பேஸ்தும் என்ற பழைய கிரேக்க ஊருக்கு ஒரு நாள். கிரேக்கர்கள் கட்டிய மூன்று கோயில்கள் புல்வெளியில் ஏறத்தாழ முழுமையாக நிற்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். சுற்றிலும் எருமைப் பண்ணைகள். மொட்சரெல்லா அங்கே அன்று காலையில் செய்ததாகக் கிடைக்கும்.

நேப்பிள்ஸிலிருந்து பூலியாவுக்கு, அதாவது பூட்ஸ் வடிவ இத்தாலியின் குதிகாலுக்கு, ரயிலில் போனால் பெரும்பாலும் வழியில் மாறவேண்டும். விரைவு ரயில் பாதை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாரி வரை பஸ்ஸே விரைவாகப் போகிறது. அங்கிருந்து லெச்சேக்கு நல்ல ரயில்கள் உண்டு. லெச்சேயில்தான் எங்கள் இரண்டாவது தங்கல். ஊரே வெளிர்மஞ்சள் கல்லால் ஆனது. வெட்டும்போது மிருதுவாக இருந்து பிறகு இறுகும் சுண்ணக்கல் என்பதால், 16, 17ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள் சாந்தா குரோச்சே ஆலய முகப்பில் ஒரு விரல்கடை இடத்தைக்கூட விடாமல் செதுக்கித் தள்ளியிருக்கிறார்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்க்கவேண்டிய முகப்பு. காலையில் பனிக்கட்டிமேல் ஊற்றிய காப்பியில் பாதாம் பால் கலந்து கொடுப்பார்கள். பால் தொடாதவர்களுக்கும் அது ஏற்றது.

லெச்சேயிலிருந்து ஒத்ராந்தோ. அந்த ஊர்ப் பேராலயத்தின் தரை முழுவதும் 1163 முதல் 1165 வரை பாந்தலெயோனே என்ற துறவியின் தலைமையில் பதித்த சிறுகல் ஓவியம். நடுவே ஒரு பெருமரம், வாசலிலிருந்து பலிபீடம் நோக்கிப் படர்கிறது. அதன் அடிமரத்தை இரண்டு யானைகள் முதுகில் தாங்குகின்றன. கிளைகளுக்கு நடுவே ஆதாமும் ஏவாளும், பாபேல் கோபுரம் கட்டும் கொத்தர்கள், மகா அலெக்சாண்டர், ஆர்தர் மன்னர். பிறகு பன்னிரண்டு வட்டங்களில் பன்னிரண்டு மாதங்கள். ஒவ்வொன்றிலும் அந்த மாத ராசியும் அந்த மாதம் உழவன் செய்யும் வேலையும். ஒரு மூலையிலிருந்து தொடங்கி எல்லா வட்டங்களையும் பார்த்து முடிக்காமல் அங்கிருந்து வரப்போவதில்லை. அதே ஆலயத்தில், 1480இல் ஓட்டோமான் படை ஊரைப் பிடித்தபோது கொல்லப்பட்டவர்களின் மண்டையோடுகளைக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் அதை முன்பே சொல்லிவிட்டேன்.

ஜூன் 28 இரவு கலாத்தினா. சிலந்தி கடித்ததாகச் சொல்லி ஆடத் தொடங்கிய பெண்களைத் தம்புரைனும் வயலினும் வாசித்து ஆடவைத்தே குணப்படுத்திய ஊர்கள் இவை. குணமானவர்கள் ஜூன் 29 அன்று கலாத்தினாவில் புனித பவுலின் சிற்றாலயத்துக்கு வந்து நன்றி செலுத்துவார்கள். 1959இல் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ என்ற மானுடவியலாளர் குழுவோடு வந்து அதை ஆராய்ந்தபோதே வழக்கம் தேய்ந்துகொண்டிருந்தது. இப்போது அந்தச் சடங்கு இல்லை. பித்சிக்கா என்ற இசை மட்டும் வலுவாக வாழ்கிறது. விழா இரவில் தெருவில் வட்டமாக நின்று தம்புரைன் அடிப்பவர்கள் விடியும்வரை ஓயமாட்டார்கள். ஏழை விவசாயப் பெண்களின் துயரத்துக்கு அன்று இருந்த ஒரே வெளிவாசல் அந்த ஆட்டம் என்பதை மறக்காமல் அங்கே போய் நிற்க விரும்புகிறேன்.

லெச்சேயைச் சுற்றிப் போகும்போது சாலையோரம் சாம்பல் நிறத்தில் பட்டுப்போன ஒலிவ மரங்கள் வரிசை வரிசையாகத் தெரியும். 2013இல் கல்லிப்போலிக்குப் பக்கத்தில் கண்டறியப்பட்ட சைலெல்லா என்ற பாக்டீரியா லட்சக்கணக்கான மரங்களைக் கொன்றுவிட்டது. மரத்தின் நீர்க்குழாய்களை அடைத்து, தண்ணீர் ஏறவிடாமல் செய்து கொல்கிறது. பல நூறு ஆண்டு வாழ்ந்த மரங்கள் அவை. பயணக் கையேடுகள் இதை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்குக் கோபமூட்டுகிறது. ஒரு மாவட்டத்தின் நிலத்தோற்றமே அழிந்திருக்கிறது.

கார் எடுக்கலாமா என்பதை நிறைய யோசித்தேன். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் ஒத்ராந்தோவுக்கும், கூம்புக்கூரைக் கல்வீடுகள் நிறைந்த அல்பெரொபெல்லோ பக்கமும் போகும் சில நாட்களுக்கு மட்டும்தான் வாடகைக் கார். பூலியாவின் உள்ளூர் ரயில்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏறத்தாழ ஓடுவதே இல்லை என்பது அதற்குக் காரணம். ஆனால் எந்த ஊரின் பழைய பகுதிக்குள்ளும் காரைக் கொண்டுபோக மாட்டேன். அங்கெல்லாம் குடியிருப்போருக்கு மட்டுமே அனுமதி. வாசலில் கேமரா எண் தகட்டைப் படம் எடுத்துவிடும், அபராதச் சீட்டு பல மாதம் கழித்து வீடு தேடி வரும். எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டு நடப்பதே உத்தமம்.

மத்தேராவுக்குப் பாரியிலிருந்து குறுகலான தண்டவாளத்தில் ஓடும் ரயில் போகிறது. நாட்டின் பெரிய ரயில் வலையோடு ஒட்டாத தனிப் பாதை. பாரி பெருநிலையத்துக்குப் பக்கத்திலேயே அதற்குத் தனி நிலையம். ஞாயிறன்று ரயிலுக்குப் பதில் பஸ். சாஸ்ஸி என்ற குகைக் குடியிருப்புகளில் 1950கள் வரை குடும்பங்கள் கோவேறு கழுதையோடும் கோழிகளோடும் ஒரே அறையில் வாழ்ந்தன. மலேரியாவும் குழந்தை மரணங்களும் நாட்டின் அவமானம் என்று பேசப்பட்டு, 1952 சட்டத்தின்படி ஏறத்தாழ 15,000 பேர் புதிய வீடுகளுக்கு மாற்றப்பட்டார்கள். காலியாகக் கிடந்த அதே குகைகள் 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 2019இல் அந்த ஊர் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர். இன்று குகைகளில் விடுதிகள். அம்மாவின் முழங்காலை எண்ணி, கீழே சாஸ்ஸிக்குள் இறங்காமல் மேட்டிலேயே, தேர் கிழியும் சதுக்கத்துக்கு நடக்கும் தூரத்தில் அறை எடுத்திருக்கிறேன். விழாவுக்கு ஊர் நிரம்பிவிடும் என்பதால் முழுப் பயணத்திலும் முதலில் உறுதி செய்தது அந்த அறையைத்தான். கூட்டம் பாயும் நேரத்தில் அம்மா மாடியில் இருப்பார், நான் கீழே ஓரமாக நிற்பேன். அந்தச் சதுக்கத்தின் அடியிலேயே பாறையைக் குடைந்த ஒரு பெருந்தொட்டி இருக்கிறது. ஐம்பது லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும். மழைநீரையும் ஊற்றுநீரையும் சேர்த்த ஊர் அது.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அம்மா மீனும் இறைச்சியும் தொடமாட்டார். தெற்கு இத்தாலியில் அதனால் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. பரம்பரையாக இறைச்சி வாங்க வசதியில்லாத மக்களின் சமையல் அது. பூலியாவில் உலர்ந்த அவரைப் பருப்பை மசித்து, வதக்கிய காட்டுக் கீரையோடு பரிமாறுகிறார்கள். மேலே ஒலிவ எண்ணெய் மட்டும். லெச்சேயில் கொண்டைக்கடலையோடு, ஒரு பகுதியை மட்டும் பொரித்துச் சேர்த்த பாஸ்தா. கதானியாவில் கத்தரிக்காய் போட்ட நோர்மா பாஸ்தா. பலேர்மோவில் கடலைமாவை வேகவைத்து மெல்லியதாகத் தட்டிப் பொரித்த பனெல்லே. மத்தேராவில் செனீசே மிளகாயை எதிர்பார்த்திருக்கிறேன். இனிப்பான சிவப்பு மிளகாயை நூலில் கோத்து வெயிலில் காயவைத்து, நம் மோர்மிளகாயைப் போலவே சூடான எண்ணெயில் ஒரு நொடி போட்டு எடுக்கிறார்கள். காரம் கிடையாது, மொறுமொறுப்பு மட்டும். கவனிக்க வேண்டியவை சில உண்டு. கீரைப் பாஸ்தாவில் நெத்திலி கரைந்திருக்கும். நேப்பிள்ஸின் மடிப்பு மடிப்பான ஸ்ஃபோல்யாத்தெல்லா இனிப்பிலும் தாராலி என்ற மிளகு வளையங்களிலும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம். சிசிலியின் கன்னோலி இனிப்பின் ஓட்டிலும் இருக்கலாம். "சென்த்சா கார்னே, சென்த்சா பேஷே, சென்த்சா ஸ்த்ருத்தோ" என்று ஒரு அட்டையில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்துவிட்டேன். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றிக்கொழுப்பு வேண்டாம். சந்தேகம் வந்தால் சீஸ்கூட இல்லாத மரினாரா பீட்சா எங்கும் கிடைக்கும்.

மத்தேராவிலிருந்து கலாப்ரியாவுக்குப் போவதுதான் திட்டத்தில் சிரமமான பகுதி. வரைபடத்தில் பக்கம்போலத் தெரியும். நேரான நல்ல வண்டி இல்லை. பஸ்ஸில் மேற்கே சலேர்னோவுக்கு வந்து, அங்கிருந்து கடலோரமாகத் தெற்கே இறங்கும் ரயிலில் லமேத்சியா, மாறி த்ரொப்பேயா என்று ஒரு நாள் முழுவதும் பயணத்துக்கே கொடுத்திருக்கிறேன். செங்குத்தான பாறைமேல் இருக்கும் த்ரொப்பேயாவில் சில நாட்கள் எதுவும் செய்யாமல் கடலில் குளிப்பது, சிவப்பு வெங்காயம் சாப்பிடுவது. ஒரே ஒரு நாள் ரெஜ்ஜோ கலாப்ரியா. 1972இல் ரியாச்சே கடலடியில் கிடைத்த இரண்டு கிரேக்க வெண்கல வீரர்கள் அங்கே நிற்கிறார்கள். வெளிக்காற்றின் தூசியும் ஈரமும் சேராமலிருக்க, பார்வையாளர்களைச் சிறு குழுவாக ஒரு வடிகட்டும் அறையில் சில நிமிடம் நிறுத்திவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். உதடு செம்பு, ஒருவருக்குப் பற்கள் வெள்ளி. இருபத்தைந்து நூற்றாண்டு வயதுள்ள புறங்கையில் நரம்பு புடைத்திருக்கிறது.

சிசிலிக்கு விமானத்தில் போகக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ரோமிலிருந்து வரும் ரயில் நீரிணையின் இக்கரையில் உள்ள வில்லா சான் ஜோவான்னியில் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, பெட்டிகள் கப்பலின் வயிற்றுக்குள் தண்டவாளத்தில் தள்ளப்படுகின்றன. பயணிகள் இறங்கி மேல்தளத்துக்குப் போகலாம். நீரிணை மிகக் குறுகலான இடத்தில் மூன்று கிலோமீட்டர்தான். பிரிப்பதும் சேர்ப்பதும்தான் நேரம் எடுக்கிறது. 3.3 கிலோமீட்டர் நீள ஒற்றை வீச்சுத் தொங்குபாலத்துக்கு 2025 ஆகஸ்டில் அரசுக் குழு ஒப்புதல் கொடுத்தது, சில மாதங்களில் தணிக்கை நீதிமன்றம் தடுத்தது. பாலம் வருவதற்குள் இந்தக் கப்பல் ரயிலில் போய்விட வேண்டும். லமேத்சியாவில் ஏறி சிராகுசாவரை ஒரே பெட்டியில் உட்கார்ந்து போகப்போகிறோம்.

சிராகுசாவில் ஒர்த்தீஜியா தீவுப் பகுதியின் பேராலயம் போதும், அந்த ஊருக்கு வந்ததற்கு. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் அத்தேனா கோயில் அது. தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி ஆலயமாக்கினார்கள், அரபியர் காலத்தில் மசூதி, மறுபடி ஆலயம். பக்கத்துத் தெருவில் நின்றால் தடித்த டோரிக் தூண்கள் சுவரிலிருந்து பாதி உடல் வெளியே தெரிய நிற்கின்றன. கிரேக்க அரங்கில் ஆண்டுதோறும் மே முதல் நடக்கும் நாடகங்கள் ஜூன் இறுதியிலோ ஜூலை முதல் வாரத்திலோ முடிந்துவிடும். எங்களுக்குக் கடைசி நாட்கள் கிடைத்தால் பாக்கியம்.

சிசிலிக்குள் பஸ்தான். கோடையில் ரயில் பாதைகளில் சீரமைப்புப் பணி வந்துவிடுகிறது. அக்ரிஜென்தோவில் ஒரு மாலை மட்டும்: கிரேக்கக் கோயில்கள் நிற்கும் பள்ளத்தாக்கு கோடையில் இரவிலும் திறந்திருக்கும், விளக்குப் போட்டிருப்பார்கள், வெயில் இறங்கியபின் அம்மாவும் கொங்கோர்தியா கோயில்வரை நடக்கலாம். எட்னா எரிமலை உச்சியை அம்மாவின் முழங்காலுக்காக விட்டுவிட்டேன். நேப்பிள்ஸ் பக்கத்து அமால்ஃபிக் கடற்கரையையும் காப்ரித் தீவையும் கூட்டத்துக்காக விட்டுவிட்டேன், வருத்தமில்லை.

பலேர்மோவில் விழாவுக்கு முந்திய ஞாயிறன்றே போய்ச் சேரவேண்டும் என்பது கணக்கு. 1980களிலிருந்து போருக்குத் தப்பி வந்த ஈழத்தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அந்த நகரத்தில் குடியேறியிருக்கிறார்கள். பல்லரோச் சந்தைப் பகுதியில் தமிழ்ப் பலகை தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் பெல்லெக்ரீனோ மலை ஏறி ரொசாலியாவை வணங்குகிறார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, சைவர்களும். ஊரைக் காத்த ஒரு பெண்தெய்வம் மலைக்குகையில் இருக்கிறாள் என்பதைப் புரிந்துகொள்ள அவர்களுக்கு யாருடைய உதவியும் தேவைப்பட்டிருக்காது. குகையின் கூரையிலிருந்து சொட்டும் நீரைத் தகடுகளால் வாய்க்கால் கட்டிப் பிடித்துச் சேர்க்கிறார்கள். அம்மாவுக்காக நகரப் பஸ்ஸில் மேலே போய்விடுவோம். இறங்கி வந்தால் 14ஆம் தேதி இரவுக்குத் தர்ப்பூசணியும் வறுத்த கடலையும் அவித்த சோளமும் விற்கும் வண்டிகள் தெருவெல்லாம் நிற்கத் தொடங்கியிருக்கும்.

இனி வேலைகள். ரயில் வேலைநிறுத்தம் ஜூன், ஜூலையில் அடிக்கடி வரும். போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் தேதிகள் முன்பே வெளியாகும். வேலைநாள் என்றால் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை குறிப்பிட்ட உள்ளூர் ரயில்கள் கட்டாயம் ஓடவேண்டும் என்பது விதி. வாடகை வீடுகளுக்கு 2025 முதல் தேசிய அடையாள எண் கட்டாயம். விளம்பரத்தில் அது இல்லாத வீட்டை எடுப்பதில்லை. பல ஊர்களில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு என்று ஊர்வரி உண்டு, சில்லறை ரொக்கமாக இருந்தால் நல்லது. உள்ளூர் ரயிலின் காகித டிக்கெட்டை ஏறும் முன் நிலைய இயந்திரத்தில் முத்திரை குத்தவேண்டும்.

ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ, மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஒரு மாதத்துக்கும் தங்குமிடச் சான்று கேட்பார்கள் என்பதால் ரத்து செய்யக்கூடிய அறைகளாகவே எடுத்திருக்கிறேன். புறப்படும் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனு கொடுக்கலாம். கோடைக்கான நேரங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும். பொங்கல் முடிந்த கையோடு அம்மாவையும் அழைத்துக்கொண்டு சென்னைக்குப் போய் இரண்டு மனுக்களையும் கொடுத்துவிட வேண்டும்.